இருநூற்றுப் பதினொரு டிகிரி

காபியில் சிக்கரி கலப்பதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா. பழகிய நாக்குக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் சிக்கரி சேராத, அன்றைக்கே வறுத்து அரைத்த காபியை ஒரு தடவை குடித்துவிட்டவன் பழைய காபிக்குத் திரும்பிப் போக முடியாது. என்னால் முடியவில்லை.

கிளியனூர் ரோட்டில் இருக்கும் எங்கள் ரெக்சின் கம்பெனித் தீ விபத்தைப் பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பர்னர் பக்கத்தில் இருந்த தேவசகாயம் தூங்கிவிட்டான், அதனால்தான் எண்ணெய் சூடேறித் தீப்பிடித்தது என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் தூங்கவில்லை. அவன் என் சிநேகிதன். செத்துப்போனவன் பெயரில் இல்லாத தூக்கத்தை எழுதி வைப்பது நியாயமில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதித் தருகிறேன். சொல்வதானால் காபியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் சக்கரபாணி. வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் விழுப்புரம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இந்தக் கம்பெனியில் மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இரண்டு வருடமாக இருக்கிறேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் என் அறை. ஒரு கட்டில், ஒரு டேபிள் பேன், சுவர் நெடுக மொழிபெயர்ப்பு நாவல்கள். அந்த நாவல்களில் எல்லோரும் காபி குடிக்கிறார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். ரிட்டயரான தபால்காரர் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கோப்பை கறுப்புக் காபி வாங்குவார். குடித்து முடிப்பதற்குள் தன் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டு எழுந்து போவார். நானும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ காபி குடித்திருக்கிறேன். வாழ்க்கை ஒரு தடவைகூட மாறவில்லை. கோளாறு கொட்டையில்தான் என்று எனக்குப் பட்டது.

விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டில் காபித்தூள் கடை வைத்திருக்கும் வெங்கடாசலத்திடம் போய் வறுக்காத பச்சைக் கொட்டை கேட்டேன்.

"இன்னாத்துக்குப்பா பச்சக்கொட்ட? வெதைக்கப் போறியா?" என்றார்.

வறுக்கப் போகிறேன் என்றதும் என் சட்டையையும் செருப்பையும் பார்த்துவிட்டு அரைக் கிலோ நிறுத்துக் கொடுத்தார். அதை வாணலியில் வறுத்தேன். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை. தேவசகாயத்துக்குத்தான் முதல் டம்ளர். ரெக்சின் ஓட்டும் உருளைகளில் ஹெல்ப்பராக இருந்தவன் அவன். ஒரு வாய் குடித்துவிட்டு வெகு நேரம் யோசித்தான்.

"பாணி, நம்ம ரோடு ரிப்பேர்ல இருக்குதே, அங்க எட்த்துக்கினு போய் ஊத்து. உபயோகப்படும்."

அதற்கு அடுத்த வாரம் அதிர்ஷ்டம் ஷார்ஜாவிலிருந்து வந்தது. என்னோடு ஐ.டி.ஐ.யில் படித்த ஜெகபர் அலி, கோட்டக்குப்பத்துக்காரன், லீவில் வந்திருந்தான். அவனிடம் ஒரு ஹீட் கன் இருந்தது. துப்பாக்கி வடிவத்தில் இருக்கும். இரும்பில் அடித்த பெயின்ட்டே உரிந்து வரும் அளவுக்குச் சூடான காற்றை ஊதும்.

"எட்த்துக்கினு போயிடு மச்சான்," என்றான் ஜெகபர் அலி. "தலை காயவெக்கற மிஷினுன்னு நெனச்சி எங்க வூட்ல முடியில காட்டிக்கினா. ஒரு ஜாண் பொசுங்கிடுச்சி. நான் ஷார்ஜா போறவரைக்கும் எனக்குப் பேஜாருதான்."

அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

நாங்கள் வறுக்கும் யந்திரத்தைக் கட்டிய பதினைந்து நாட்களைப் போல எனக்கு நாட்கள் வாய்த்ததே இல்லை. தேவசகாயம் அவன் மனைவி இருதயமேரிக்குத் தெரியாமல் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்தான். அதில் இருநூற்றுச் சொச்சம் துளைகள் போட்டோம். துளை போட்டு முடித்ததும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தான். அறைச் சுவரெல்லாம் நட்சத்திரம். "இனிமே இதுல சாம்பார் ஊத்தி அனுப்பச் சொல்லணும்," என்றான். லாரிப் பட்டறையில் ஒரு வைப்பர் மோட்டார் வாங்கி, தூக்கைப் படுக்கவைத்துச் சுற்ற விட்டோம். உள்ளே கொட்டை உருளும் சத்தம் மழை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் ஹீட் கன்.

ஒன்றுதான் பாக்கி. கொட்டை எவ்வளவு சூடாகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே ஒரு புரோப் வேண்டும். புரோப் என்பது ஒரு சாண் நீளக் கம்பி. சூடு ஏற ஏற அதன் மின்தடை ஏறும்; அதை ஓம் கணக்கில் சொல்வோம். என் கைமீட்டரில் நூற்று எழுபத்தாறு ஓம் காட்டினால் இருநூறு டிகிரி.

கம்பெனியில் அது ஒன்றே ஒன்று இருந்தது. உருளைகளுக்குச் சூடு கொடுக்க ஒரு எண்ணெய்க் கொதிகலன் உண்டு. எண்ணெய் போகும் குழாயில், ஓர் உறைக்குள் அந்தப் புரோப் செருகியிருக்கும். பர்னர்காரர் மீட்டரைப் பார்த்துத்தான் தீயைக் கூட்டுவார், குறைப்பார். இருநூற்று இருபதைத் தாண்டவே கூடாது. காபிக் கொட்டைக்கும் ஏறக்குறைய அதுதான் எல்லை. இந்தப் பொருத்தத்தைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. மெட்ராஸில் புதிது கிடைக்கும். நான் போய்க் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் உருவிக்கொண்டு வருவேன். திங்கள் காலையில் பர்னர் பற்றவைக்குமுன் செருகிவிடுவேன். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. தேவசகாயத்திடம் பழைய புரோப் என்று சொல்லியிருந்தேன். அவன் அதைக் 'குச்சி' என்பான்.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியாக வேண்டும். நூற்றைம்பதில் கொட்டை மஞ்சளாகி, நெல் அவிக்கும் வாசனை வந்தது. நூற்று எண்பதில் பேக்கரி வாசனை. தோல் உரிந்து ஹீட் கன் காற்றில் அறையெங்கும் பறந்தது. நாவல்கள் மேலெல்லாம் படிந்தது. நூற்றுத் தொண்ணூற்றாறில் முதல் கொட்டை வெடித்தது. பட். பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து, சோளப்பொரி மாதிரி. இருநூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தி முறத்தில் கொட்டினோம். தேவசகாயம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முறத்தைத் தலைக்கு மேல் தூக்கி, பேன் முன்னால் சுற்றிச் சுற்றி ஆடினான்.

குடித்தோம். வெளியே பனி கொட்டவில்லை. பாண்டி பஸ் போனது. ஆனால் கோப்பையை வைத்தபோது நான் வேறு ஆள். தேவசகாயம் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"தெய்வமே," என்றான். "இத்தினி நாளா நாம குடிச்சது இன்னாடா அது?"

ஆறு ஞாயிறு இப்படிப் போனது. ஆனால் வாரத்தில் ஒரு நாள் வறுப்பவன் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. முந்தின வாரம் செய்தது மறந்துவிடுகிறது. ஆறாவது திங்கட்கிழமை நான் புரோபைத் திரும்பச் செருகவில்லை. மீட்டருக்குப் பின்னால் நூற்று எண்பது ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டினேன். ரேடியோ கடையில் நாலணாவுக்குக் கிடைப்பது. மீட்டர் அதைப் புரோப் என்று நம்பி இருநூற்றுப் பதினொரு டிகிரி காட்டியது. எண்ணெய் பனிக்கட்டியானாலும் அதைத்தான் காட்டும். எண்ணெய் எரிந்தாலும் அதைத்தான்.

அசையாத மீட்டரைப் பார்த்தால் மனிதர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்று அப்போதுதான் தெரிந்தது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான்யா ஸ்டெடியா நிக்குது," என்று என் முதுகில் தட்டினார். பர்னர்காரர் பச்சைமுத்து ஒருவருக்குத்தான் பிடிக்கவில்லை.

"இன்னா தம்பி, செத்தவன் நாடி மாதிரி அப்பிடியே நிக்குது?" என்றார்.

"புது செட்டிங்குண்ணே," என்றேன்.

"உன் செட்டிங்க நீயே வெச்சிக்க," என்று சொல்லிவிட்டு, குழாயில் எச்சில் தொட்டுப் பார்த்தும் சத்தம் கேட்டும் தீயைத் திருகினார். இருபது வருடப் பழக்கம். அவர் இருக்கும்வரை பயமில்லை என்று நான் கணக்குப் போட்டேன். மூன்று நாளும் கணக்குச் சரியாகவே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு தடவை வறுத்தேன். ஒவ்வொன்றும் முந்தினதைவிட நன்றாக வந்தது.

வியாழக்கிழமை பச்சைமுத்து மகளுக்குக் காது குத்து. வல்லத்துக்குப் போய்விட்டார். பர்னரில் தேவசகாயத்தை உட்காரவைத்தார்கள். காலையில் அவன் சந்தோஷமாக என்னிடம் வந்து சொன்னான். நான் கைகொடுத்தேன். அப்போது எனக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, அவன் மீட்டரைத் தவிர வேறு எதையும் நம்பத் தெரியாதவன். இன்னொன்று, சாப்பாட்டு நேரத்தில் உருளைகள் நின்றுவிடும்; எண்ணெயின் சூட்டை வாங்கிக்கொள்ள ஆளிருக்காது. அப்போது தீயைக் குறைக்காவிட்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். அவன் கையைக் குலுக்கிக்கொண்டே இதையெல்லாம் நினைத்தேன். புரோப் என் அறையில் இருந்தது. திரும்பச் செருகப் பத்து நிமிஷம் போதும். ஆனால் அன்றைக்கு இருநூற்று எட்டில் நிறுத்திப் பார்ப்பது என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவன் ரோட்டைத் தாண்டி என் ஜன்னலுக்கு வந்தான். சட்டை நனைந்திருந்தது.

"பாணி, குழாய் ஒரு மாதிரி முனகுது. மீட்டரு எரநூத்திப் பதினொன்னுலயே நிக்குது. தீயக் கொறைக்கட்டா?"

கொட்டை நூற்று எண்பத்தெட்டில் இருந்தது. வெடிக்க ஒரு நிமிஷம். குறை என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு நேரம் ஆகாது. ஆனால் ஏன் என்று கேட்பான், நான் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும், கொட்டை கருகிவிடும். "மீட்டர் சரியாத்தான் இருக்குது. நீ போ," என்றேன்.

"அப்ப சரி. எனக்கு ஒரு டம்ளர் எட்த்து வெய்யி," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

கொட்டை வெடிக்க ஆரம்பித்தது. அவ்வளவு சீராக அதுவரை வெடித்ததில்லை. நடுவில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய சத்தம் கேட்டது. ஜன்னல் கதவு ஆடியது. இருநூற்று எட்டு வந்ததும் நிறுத்தினேன். வறுத்த கொட்டையைச் சூட்டோடு விட்டால் அது தன்பாட்டில் வறுபட்டுக்கொண்டே இருக்கும், ஐயா. முறத்தில் பரப்பி, பேன் வைத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறியபிறகுதான் போனேன். நாலு நிமிஷம் இருக்கும்.

குழாய் மூட்டு விட்டு எண்ணெய் பற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் வெளியே நின்றார்கள். நான் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனேன். அதற்காகக் கம்பெனியில் பிறகு எனக்கு மாலை போட்டார்கள். நான் போனது ரெசிஸ்டரை எடுக்க.

தேவசகாயம் மீட்டருக்குக் கீழே கிடந்தான். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "வந்துட்டியா," என்றான். நான் அவனைத் தாண்டி நின்று ரெசிஸ்டரைப் பிய்த்துப் பையில் போட்டேன். அறையிலிருந்து கையோடு கொண்டுவந்த புரோபை அதன் ஒயரில் தொங்கவிட்டேன். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அந்தப் புரோபின் நுனியில் பழுப்பாக ஒட்டியிருப்பது காபி எண்ணெய்தான். அவன் என் கால்சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான். அவனைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். எனக்குச் சாக்கைப் பிடிக்க ஒரு கை வேண்டியிருந்தது. மெதுவாகத்தான் விடுவித்துக்கொண்டேன். அவனுக்கு வலித்திருக்காது. சாயந்திரம் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

ஆகவே அவன் தூங்கவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். சிநேகிதனுக்காக இவ்வளவாவது செய்ய முடிந்ததில் எனக்குத் திருப்தி. இருநூற்று எட்டில் நிறுத்தியது மிகச் சரியான முடிவு. அந்த மாதிரிக் காபி இந்த ஜில்லாவிலேயே யாரும் குடித்திருக்க மாட்டார்கள். அதில் நூறு கிராம் அரைத்து, பொட்டலம் கட்டி, காரியத்தன்று இருதயமேரிக்குக் கொடுத்தனுப்பினேன். பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள். அவர்கள் வீட்டில் பில்டர் இல்லை போலிருக்கிறது.