ஏழாண்டு காத்திருந்த பக்கத்தில், வியாகுலமேரி அம்மையாருக்கு

அச்சேறும் எழுத்துக்கு அழகையும், அழகேறும் பக்கத்துக்கு அளவையும் கற்பித்த ஆசானே! தட்டச்சுப் பொறியின் தாளத்தோடு வந்து, கணிப்பொறியின் கண்சிமிட்டலோடு விடைபெறும் தகைசால் அம்மையே! கோடு கோணாத கைக்கும் கொள்கை கோணாத நெஞ்சுக்கும் உரியவரே! வணக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் தட்டச்சுப் பயிற்றுநராக இக்கல்லூரிக்கு வந்தீர்கள். தொண்ணூற்றாறில் இதழியல் படிப்பு தொடங்கியபோது, பக்க வடிவமைப்பு நடத்த மதுரைக்கு இப்பால் ஆள் கிடைக்கவில்லை. நாற்பத்தைந்து வயதில் நீங்களே போய்க் கற்று வந்தீர்கள். இரண்டே கணிப்பொறி, இருபத்திரண்டு மாணவர். முதல் பருவம் முழுவதும் கணிப்பொறியைத் தொடவிடாமல், பென்சிலும் அடிக்கோலும் கொடுத்துச் செய்தித்தாள் அகலத்துக்குக் கட்டம் போட வைத்தீர்கள். தலைப்பு எங்கே நிற்கும், படம் எங்கே பார்க்கும், வெற்றிடம் எங்கே மூச்சுவிடும் என்று பதின்மூன்று ஆண்டு ஓயாமல் சொன்னீர்கள். இன்று உங்கள் மாணவர்கள் பக்கம் கட்டாத நாளிதழ் தென்மாவட்டத்தில் குறைவு.

பாராட்டு மடலில் பாராட்டு மட்டுமே இருக்க வேண்டும் என்பது மரபு. இம்மன்றத்துச் சுவரில் தொங்கும் பதினாறு மடல்களும் அந்த மரபில் வந்தவை. பதினாறுக்கும் சொல் எழுதியவர் நம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற அழகர். பக்கம் அமைத்தவர் நீங்கள். அவற்றில் கடைசி ஏழு மடல்களை நீங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமலே செய்தீர்கள். தாள் போகும், தாள் வரும். நடுவில் நடந்தவர் உதவியாளர் பிச்சைமணி. உங்கள் மடலையும் அழகரே எழுத வேண்டும் என்று ஆசிரியர் மன்றம் கேட்டது. அந்த மௌனத்தை மறைத்து எழுதினால் அது பொய் மடலாகிவிடும் என்றார் அவர். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் அன்று இல்லாதவர்கள். ஆகவே கொஞ்ச நேரம் உங்களை விளிப்பதை விட்டு, நடந்ததை நடந்தபடி சொல்கிறோம்.

வடிவமைப்பு வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு பயிற்சி உண்டு. நம் பள்ளத்தாக்கில் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் இல்லாமல் எந்தத் தாளும் வெளிவராது. அதைக் கட்டத் தெரியாதவனுக்கு எந்த அலுவலகத்திலும் வேலையில்லை. பயிற்சிக்கு யார் படத்தை வைப்பது என்ற கேள்வி முதல் ஆண்டே வந்தது. வியாகுலமேரி தம் கைப்பையிலிருந்து தம்முடைய சிறிய படத்தையே எடுத்து மேசையில் வைத்தார்.

“ஊராரச் சாகடிக்க நமக்கென்ன உரிம? இந்தாங்க, நானே செத்துக்கிறேன். ஓரம் விட்டு ஒழுங்காச் சாகடிங்க.”

“மேடம், அபசகுனமா இருக்கு.”

“போடா, பொய்ச்சாவு செத்தவளுக்கு ஆயுசு கெட்டி.”

அது வகுப்பின் வழக்கமாயிற்று. ஆண்டுக்கு இருபது முறை செத்தும் அம்மையார் மறுநாள் காலை முதல் மணிக்கு முன்பே வகுப்பில் நின்றார்.

இரண்டாயிரத்து இரண்டு மார்ச்சில் அவர் செய்முறைத் தேர்வுப் பணிக்குப் பெரியகுளம் போக வேண்டியிருந்தது. அஞ்சலிப் பயிற்சியைச் செய்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். படம் கைப்பையோடு போய்விட்டது. மற்றவர்கள் படம் வரும் இடத்தில் வெற்றுக் கட்டம் போட்டார்கள். இறுதியாண்டு மலையம்மாளுக்கு வெற்றுக் கட்டத்தைக் கண்டால் ஆகாது. பொட்டிப்புரத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி சின்னக்கருப்புவின் மகள் அவள். அழகருக்குத் தம்பி மகள். புதுவீட்டுப் பால்காய்ப்பு அழைப்பிதழுக்காக அவள் ஏற்றி வைத்திருந்த அப்பன் படம் கணிப்பொறியில் இருந்தது. அதை எடுத்து வைத்தாள். பேரையும் ஊரையும் அடித்தாள். பக்கத்தில் இருந்தவள் கேட்டதற்கு, “எங்கப்பாவுக்கும் ஆயுசு கெட்டியா இருக்கட்டுமே” என்று சிரித்தாளாம்.

கல்லூரியின் பயிற்சித்தாள் ‘கால்வாய்’. நான்கு பக்கம், மாதம் ஒருமுறை. அந்த மாத இதழும் பயிற்சிப் பக்கமும் ஒரே ஃபிளாப்பியில் இருந்தன; இதழின் கடைசிப் பக்கத்துக்கும் பயிற்சிப் பக்கத்துக்கும் நான்காம் பக்கம் என்றே பேர். மாதந்தோறும் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, பெரிதாக்கி, வரிவரியாகப் பார்த்த பிறகே அச்சகத்துக்கு அனுப்புவது வியாகுலமேரியின் வழக்கம். அன்று பொழுது சாயப் பெரியகுளத்திலிருந்து திரும்பினார். மறுநாள் ஆண்டு விழா. ஃபிளாப்பியைத் திறந்து பார்க்காமல் தேனிப் பேருந்தில் கொடுத்தனுப்பினார். பதின்மூன்று ஆண்டில் அந்த ஒரு மாதம்தான்.

நான்காம் பக்கத்தில் சின்னக்கருப்புவின் அஞ்சலியோடு நானூறு படி அச்சாகி வந்து, விழாவில் விருந்தினர் கைக்கெல்லாம் போயின. மறுநாள் விடிய லோயர் கேம்பிலிருந்து சம்பந்த வழியினர் கோடித்துணியும் மாலையுமாகப் பொட்டிப்புரத்தில் வந்து இறங்கினார்கள். தெருமுனையிலேயே ஒப்பாரி எடுத்தாகிவிட்டது. வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் சின்னக்கருப்பு.

“ஏலே, யாருக்குடா மாலை? எனக்கா? கொண்டா இங்கன. உசுரோட மாலை வாங்குறவன் மந்திரிதான்” என்று கழுத்தை நீட்டினார். அவர் சிரித்ததால் தெருவும் சிரித்தது. சந்தையில் அந்தச் சிரிப்பு வேறாக மாறியது. ‘பாகம் பிரிக்குறதுக்கு முந்தியே அண்ணங்காரன் தம்பியப் பாடையேத்திட்டான், காலேசுல வேலை பாக்குறதே இதுக்குத்தானாம்’ என்றார்கள். ஐந்து தலைமுறையாக ஒரு வழக்கும் ஒரு வசையும் ஏறாத வீடு அது. அழகர் அந்தப் பேச்சைத் தம் காதாலேயே கேட்டார். அன்றோடு மலையம்மாளைக் கல்லூரிக்கு அனுப்புவதை நிறுத்தினார்.

மூன்றாம் நாள் வியாகுலமேரி அந்த வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்வார் இல்லை. வெயிலில் நின்றபடியே பேசினார்.

“தப்பு என்னுது. பாக்காம அனுப்புனவ நானு. அடுத்த தாள்ல எம்பேரு போட்டு அச்சடிக்கிறேன். புள்ளைக்கு இன்னும் ஒரு பக்கம்தான் பாக்கி. பரிட்சைக்கு மட்டும் அனுப்புங்கய்யா.”

“டீச்சரம்மா, ஒங்க தாள் எங்கள எங்க கொண்டாந்து நிறுத்திருச்சுன்னு பாத்தீகள்ல? எங்க வீட்டுப் பொம்பளப்புள்ள பேரு இனி எந்தத் தாள்லயும் வரக்கூடாது. வந்த வழி தெரியும்ல, போயிட்டு வாங்க.”

சொன்னவர் அழகர். சின்னக்கருப்பு உள்ளிருந்து, “விடுண்ணே, படிக்கட்டும்” என்றார். மூத்தவன் பேசும்போது இளையவன் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. மலையம்மாள் நிலைப்படிக்கு அப்பால் நின்றாள். அம்மையார் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

அடுத்த ‘கால்வாய்’ முதல் பக்கத்தில், ‘பிழை மாணவியுடையதன்று, பார்க்காமல் அனுப்பிய ஆசிரியருடையது’ என்று கட்டம் கட்டி, தம் பெயரையும் போட்டு வெளியிட்டார் வியாகுலமேரி. யாரும் கேட்காமலே செய்தார். அதனாலும் எதுவும் ஆகவில்லை. மலையம்மாள் தேர்வு எழுதவில்லை. அந்த ஆண்டு கார்த்திகையில் சின்னக்கருப்பு வரப்பில் உட்கார்ந்தவர் எழவில்லை. நெஞ்சடைப்பு என்றார் மருத்துவர். ‘தாள்ல போட்டது பலிச்சிருச்சு’ என்றது ஊர். மகள் கைதான் கொன்றது என்றும் சொன்னது. அழகர் ஆமென்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடம் அது.

இனி உங்களிடமே பேசுகிறோம், அம்மையே! சென்ற மாதம் பிச்சைமணி ஒரு தாளைக் கொண்டுவந்து அழகர் முன் வைத்தார்.

“மேடம் குடுத்தாக. அவுக மடலுக்குப் பக்கமாம். எழுத்து ஒங்க பொறுப்பாம்.”

பன்னீர் திராட்சைக் கொடி நான்கு பக்கமும் சுற்றி வர, நடுவே இரண்டு பத்தி வெற்றிடம். கொடி ஓரிடத்திலும் இலை மேல் இலை விழாமல் ஓடியது. அது உங்கள் கையன்று என்று அழகருக்குப் பார்த்ததும் தெரிந்தது. மலையம்மாள் இறுதித் தேர்வுக்காகத் தொடங்கி, முடிக்காமல் விட்ட பாராட்டு மடல் பக்கம். யாருக்கு மடல் என்று அன்று நீங்கள் கேட்டதற்கு, “ரிட்டயர் ஆகாதவுக யாரு மேடம், யாராச்சும் வருவாக” என்றாளாமே! அதை ஏழாண்டு ஃபிளாப்பியிலிருந்து குறுந்தகட்டுக்கும், குறுந்தகட்டிலிருந்து அடுத்த கணிப்பொறிக்கும் மாற்றி மாற்றிக் காத்து வந்திருக்கிறீர்கள். அடியில் ‘பக்க வடிவமைப்பு’ என்றிருந்தது. அதன் எதிரே வெற்றிடம். முடியாத பக்கத்தில் பேர் போடக்கூடாது என்பது உங்கள் வகுப்பின் சட்டம்.

அழகர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு லோயர் கேம்புக்குப் போனார். மலையம்மாள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். திராட்சைத் தோட்டத்தில் பழம் அடுக்கும் வேலை. பெட்டிக்குள் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் குலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பன் நீட்டிய பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். நகத்தால் ஓரத்தை அளந்தாள்.

“ஓரம் அரை இஞ்சு கூடுதலா இருக்கு பெரியப்பா. அப்ப மரச்சட்டம் தடியா வரும், எழுத்த முழுங்கிரும்னு விட்டேன். இப்பச் சட்டம் மெலிசால்ல வருது. கொறைக்கச் சொல்லுங்க.”

“கொறச்சா முடிஞ்சிருமா?”

“முடிஞ்சிரும்.”

“விழாவுக்கு வாத்தா. நானே கூட்டிட்டுப் போறேன்.”

அவள் அடுத்த பெட்டியை இழுத்துத் தாளை விரித்தாள். “அப்பாவக் கொன்ன கையின்னு ஊரே சொல்லுச்சு. நீங்களும் சும்மாதான இருந்தீக? அந்தக் கையோட வந்து மேடம் முன்னால எப்படி நிக்க?”

அன்று சொல்லியிருக்க வேண்டிய ‘இல்லை’யை அழகர் அப்போது சொன்னார். அவள் தலை நிமிரவில்லை. ஏழாண்டு கழித்துச் சொன்னால் அந்தச் சொல் எங்கே போய் நிற்கும்? அவள் வரவில்லை. இம்மன்றத்தில் உங்கள் கண் யாரைத் தேடுகிறது என்று எங்களுக்குத் தெரியும். தேட வேண்டாம், அம்மையே.

அழகர் எவர் முன்னும் தலை குனிந்து பழகாதவர். இன்றும் நிமிர்ந்தே நின்று இதை வாசிக்கிறார். அவர் வீட்டில் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை. தம்பி மகள் பேர் எந்தத் தாளிலும் வரக்கூடாது என்று வாசலில் வைத்து உங்களிடம் சொன்ன சொல்லை மட்டும், இத்தனை பேர் கேட்க, உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறார். இதனால் போன படிப்பு வராது. போன தம்பியும் வரமாட்டார். எதுவும் ஈடாகிவிட்டது என்று எண்ணி இதைச் செய்யவில்லை. செய்யாமல் இருக்க முடியவில்லை.

ஆயுசு கெட்டி என்று வாழ்த்த எங்களுக்கு நாவெழவில்லை. அந்தச் சொல் இங்கே ஒருமுறை பொய்த்துவிட்டது. கண் மங்காமல், கை நடுங்காமல், காலையில் தாளைப் பிரித்ததும் கட்டம் கோணிய பக்கத்தைக் கண்டு கோபப்படும் தெம்போடு நெடுநாள் இருங்கள்! உங்கள் அன்னை மரியாள் எங்கள் எல்லாரையும்விட நன்றாக உங்களைக் காக்கட்டும்!

ஓரம் அரை அங்குலம் குறைக்கப்பட்டது. பக்கம் முடிந்தது.

என்றும் உங்கள் அன்புக்குக் கடமைப்பட்ட,
கல்லூரி ஆசிரியர்கள், அலுவலர்கள், பணியாளர்கள்
2009 மே 30

பக்க வடிவமைப்பு: சி. மலையம்மாள், பொட்டிப்புரம்