தொண்ணூற்றிரண்டு கிலோ

காரைத் தாழ்த்துவது என்றால் ஸ்பிரிங்கை வெட்டிவிடுவது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்டலாம், கையில் ரம்பம் இருக்கிற எவனும் வெட்டுவான். ஆனால் வெட்டிய ஸ்பிரிங், வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது தன் இடத்தைவிட்டு நகர்ந்துவிடும். இருபத்தாறு வருஷத்தில் நான் ஒன்றைக்கூட வெட்டியதில்லை. அளவு கொடுத்துக் குட்டையாகச் செய்து வாங்குவேன், ஷாக் அப்சார்பரையும் அதற்கேற்ப மாற்றுவேன். உங்கள் அறிக்கையில் அந்தக் காரைப் பற்றி 'தவறான பொருத்தம்' என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அதைத் திருத்தத்தான் வந்தேன். நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கார் எங்கள் மாப்பிள்ளையுடையது, என் தங்கையின் கணவர். வண்டிக்கு ஐம்பது வயதாகிறது. முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே நீள சீட்டு. அவர் அதை ஓட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்த அன்று நாங்கள் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தங்கையும் இருந்தாள். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் போனாள், மேட்டுத் தெருவுக்கு. தினமும் சாயங்காலம் வந்து, வாசலில் கிடக்கிற பழைய டயர்மேல் உட்கார்ந்து என்னோடு டீ குடித்துவிட்டுப் போவாள்.

"மச்சான், வண்டி ஒட்டகம் மாதிரி நிக்குது. கொஞ்சம் உக்கார வைங்க" என்றார் மாப்பிள்ளை.

"உக்கார வெச்சா அப்புறம் எழுப்ப முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"நான் ஏறி உக்கார்ந்தாலே பாதி இறங்கிடும். மீதிய நீங்க பாத்துக்கோங்க."

எல்லோரும் சிரித்தோம். அவர் அப்படித்தான், தன் உடம்பைத் தானே கிண்டல் செய்துகொள்வார். தங்கமான மனுஷர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு குறை இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிரிப்போடு சிரிப்பாக அவர் சொன்னார், புது ஊருக்குப் போகும்போது வண்டி பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று. எந்தப் புது ஊர் என்று கேட்டேன். அவருக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. பன்னிரண்டு மணி நேரப் பயணம். அடுத்த மாதமே கிளம்புகிறார்களாம். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் டீ கிளாஸின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லணும்னுதாண்ணா இருந்தேன்" என்றாள்.

அம்மா போனபோது சின்னவளுக்கு, அதான் என் தங்கைக்கு, எட்டு வயது. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். அவளுக்குத் தலை பின்னிவிட நான்தான் பழகினேன். கிரீஸ் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்காருவேன். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு பின்னலும் இரண்டு திசையில் நின்றன. அவள் அப்படியே பள்ளிக்கூடம் போனாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லை. வண்டிக்கு வருகிறேன்.

அவர் தேர்ந்தெடுத்தது அகலமான சக்கரங்கள். அகலச் சக்கரம் வெளியே தள்ளி நின்றால் மட்கார்டில் இடிக்கும், உள்ளே தள்ளினால் உள்ளிருக்கும் பாகங்களில் உரசும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் தொழில். இன்னொன்று, காலி வண்டியை வைத்து உயரம் பார்க்கக் கூடாது. ஓட்டுகிறவர் எடையை சீட்டில் ஏற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால் மாப்பிள்ளையைத் தராசில் நிற்க வைத்தேன். தொண்ணூற்றிரண்டு காட்டியது.

"வெளில சொல்லிடாதீங்க மச்சான்" என்றார்.

சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

மணல் மூட்டைகளை நிறுத்து, தொண்ணூற்றிரண்டு கிலோவை ஓட்டுநர் பக்கத்தில் அடுக்கினேன். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். முன் டயரின் உள்விளிம்பு பிரேக் எண்ணெய் போகிற ரப்பர் குழாயைத் தொட்டது. இது வழக்கமாக வருவதுதான். குழாயை ஒதுக்கிப் பிடிக்க ஒரு தகட்டுக் கிளிப் செய்து மாட்டினால் தீர்ந்தது. பத்து நிமிஷ வேலை. செய்து மாட்டினேன், உரசல் நின்றது.

பிறகு ஐம்பத்தொரு கிலோ மட்டும் இருக்கும்படி மூட்டைகளை இறக்கினேன். அது சின்னவளின் எடை. கிளிப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தேன். டயருக்கும் குழாய்க்கும் நடுவில் என் சுண்டுவிரல் போய்வந்தது. அவள் ஓட்டினால் ஆயுசுக்கும் உரசாது. கிளிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உங்கள் மேசைமேல் வைத்தேனே, அந்தத் தகடுதான்.

பழைய கார்களில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில்தான் போகும். ஒரு குழாய் அறுந்தால் நாலும் போச்சு. மேட்டுத் தெருவிலிருந்து இறங்கும் பாதையில் ஆறு வளைவுகள், ஆறிலும் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தாக வேண்டும். மாப்பிள்ளை காலையில் தனியாக இறங்குவார், சாயங்காலம் தனியாக ஏறுவார். குழாய் மூன்று வாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். சின்னவளிடம், புது ஸ்பிரிங் படிய மூன்று வாரம் ஆகும், அதுவரை அந்த வண்டியில் ஏறாதே என்று சொல்லி வைத்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நான் சொன்னால் கேட்பாள்.

அந்த நாட்களில் அவளுடைய பழைய அறைக்குப் பெயின்ட் அடித்தேன். அவளுக்குப் பிடித்த வெளிர்மஞ்சள். ஜன்னல் கொக்கியை மாற்றினேன். ஒரு வருஷம் அழுவாள், அப்புறம் தேறிவிடுவாள் என்று நினைத்தேன். எட்டு வயதில் தேறியவள்தானே.

பதினெட்டாம் நாள் மத்தியானம் பட்டறை வாசலில் அந்த வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவள் சின்னவள்.

"மூணு வாரம் ஆகப்போகுதுல்ல, ஸ்பிரிங் படிஞ்சிருக்கும்ணா" என்றாள். "அவர் சாமான் கட்டிட்டு இருக்கார். நான் உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தேன். குழாயின் மேல்தோல் போய் உள்ளே நூல்பின்னல் தெரிந்தது. பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. வண்டியை விட்டுட்டுப் போ, நான் கொண்டுவந்து விடறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் புதுக் குழாய் மாட்டியிருக்க வேண்டும், மாட்டினால் நாலு நாளில் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அவள் எடைக்கு உரசாது என்று எனக்குத் தெரியும். பின்சீட்டில் துணிமூட்டைகள் இருந்தன. துணி லேசு, அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஆக, இன்று ஒரு நாள் தாங்கும். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்குள் அவள் அம்மாவின் தையல் மிஷின் பக்கத்தில் நின்று, கைக்குட்டையால் அதன் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தின்போதே கேட்டாள். அது இந்த வீட்டை விட்டுப் போகாது என்று அன்றைக்குச் சொல்லிவிட்டேன். இந்த முறை அவள் கேட்கவில்லை. கேட்காதது என்னவோ செய்தது.

"எடுத்துட்டுப் போ" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரும்புக் கால்களைக் கழற்றி முன்பக்கத் தரையில் படுக்கவைத்தேன். மிஷினை அந்த நீள சீட்டில் அவளுக்குப் பக்கத்திலேயே தூக்கி வைத்துக் கயிறு கட்டினேன்.

"அம்மா பக்கத்துல உக்கார்ந்திருக்கற மாதிரி இருக்குண்ணா" என்றாள்.

"மெதுவா போ. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

மேட்டில் ஏறும்போது ஆறு வளைவிலும் உரசியிருக்கிறது. அவள் வீடுவரை போய்ச் சேர்ந்துவிட்டாள். போன்கூடப் பண்ணினாள். ஆனால் மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்ததால் இறக்கிவைக்க ஆள் இல்லை. அவரை வழியிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே திரும்பி இறங்கியிருக்கிறாள். நாலாவது வளைவில் பிரேக் போய்விட்டது. மீதியை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டார். "நான்தான் மச்சான் அவளைக் கொன்னுட்டேன். வண்டிய இறக்கச் சொன்னது நான்தானே" என்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்படியெல்லாம் நினைக்காதீங்க என்று சொன்னேன். அவர் அந்த வேலைக்குப் போகவில்லை. நாற்பது நாளாக தினமும் சாயங்காலம் வந்து, அவள் உட்கார்ந்த டயர்மேலேயே உட்காருகிறார். இரண்டு டீ சொல்கிறேன், அவருடையது ஆறிப்போகிறது. ஆள் பாதியாகிவிட்டார். எழுபத்தெட்டு கிலோ இருந்தால் அதிகம். இனி அவர் ஏறினாலும் அந்த வண்டியில் எதுவும் உரசாது.

விபத்து நடந்த இடத்திலிருந்து நீங்கள் திருப்பிக் கொடுத்த சாமான்களில் மிஷினும் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். கால்களையும் சேர்த்து நாற்பத்தொன்று. அவள் ஐம்பத்தொன்று. கூட்டிக்கொள்ளுங்கள். துணிமூட்டையைக்கூடக் கணக்குப் பார்த்தவன், அம்மாவின் மிஷினை மட்டும் பார்க்கவில்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள், அதனால்தான்.

ஆகவே, 'தவறான பொருத்தம்' என்பதை அடித்துவிடுங்கள். ஸ்பிரிங் சரி, சக்கரம் சரி, உயரம் சரி. கிளிப்பைக் கழற்றியது நான். மாப்பிள்ளை சாக வேண்டும் என்றுதான் கழற்றினேன், அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் சின்னவளுக்கு நான் ஒரு நாளும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.