வான்கோழி என்று சொன்னேன்

புது ரொட்டியில் இதைச் செய்யவே கூடாது. இரண்டு நாள் ஆன ரொட்டியாக இருக்க வேண்டும், கையால் பிய்த்துப் போட வேண்டும். உன் அம்மா கடையில் வாங்கிய கையோடு போடுவாள். அதனால்தான் அவள் சர்ச்சுக்குக் கொண்டுவருகிற கேசரோல், அந்த ரொட்டியும் முட்டையும் அடுக்கிச் சுடுகிற பண்டம், எப்போதும் கூழாக இருக்கும். யாரும் அவளிடம் சொன்னதில்லை. நீயும் சொல்லி வைக்காதே, ஹாலிஸ். பாவம், இனிமேலா கற்றுக்கொள்ளப் போகிறாள்.

காபியைக் குடி. ஷெரீஃப் ஆபீஸிலிருந்து உன்னை அனுப்பியதில் எனக்கு வருத்தமில்லை. என் மகன் ராய்ஸோடு ஒரே வகுப்பில் படித்தவன், இந்த மேசையில் உட்கார்ந்து எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறாய். என் மருமகள் டெஸ்ஸா செத்துப் பதினோரு நாள் ஆகிறது. கிறிஸ்துமஸ் காலையில் நான் அவளுக்குப் பரிமாறிய பாத்திரத்தில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். கேட்டால் சொல்லப் போகிறேன். செய்முறையில் ஒரு சாமானை மறைத்துவிட்டு எழுதிக் கொடுக்கிற சர்ச் சிநேகிதி ஓப்பலைப் போன்றவள் இல்லை நான்.

முதல் நாளே எல்லாவற்றையும் அடுக்கிவிட வேண்டும். பிய்த்த ரொட்டி, அதன்மேல் வதக்கிய பன்றி சாசேஜ், அதன்மேல் சீஸ். பன்னிரண்டு முட்டையைப் பாலோடு அடித்து ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். மறுநாள் காலை அடுப்பில் தள்ளினால், பரிசுப் பொட்டலங்களைப் பிரித்து முடிப்பதற்குள் வெந்துவிடும். முப்பத்தோரு வருஷமாக இந்த வீட்டில் கிறிஸ்துமஸ் காலை இப்படித்தான் விடிகிறது. என் கணவர் ஹார்லன் இறந்த வருஷம்கூட நான் நிறுத்தவில்லை. ராய்ஸ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓரத்தில் முறுகியதைச் சுரண்டித் தின்பான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் செயின்ட் லூயிஸிலிருந்து இந்த டெஸ்ஸாவைக் கட்டிக்கொண்டு வந்தான். என்னை ஒரு நாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. வெர்னா என்றுதான் கூப்பிடுவாள், கடைச் சிப்பந்தியைக் கூப்பிடுகிற மாதிரி. போன வருஷம் கோடையில் என் வேலியோரம் பிளாக்பெர்ரி பறிக்கப் போனாள், உண்ணி கடித்துவிட்டது. இந்த மலைப்பக்கம் உண்ணி கடிக்காதவர் யார்? நாமெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்போம். இவளுக்கு டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. இனிமேல் பன்றி ஆகாது, மாடு ஆகாது, மான் ஆகாது என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். கோழி ஆகுமாம், மீன் ஆகுமாம். பாலும் சீஸும்கூட அவளுக்கு ஒன்றும் செய்யாதாம். ஆக, நான் எதைச் சமைக்கிறேனோ அது மட்டும் ஆகாது.

சர்ச்சில் சிரிக்காதவர்கள் இல்லை. "உண்ணி கடிச்சா பன்னி ஆகாதாமே, வெர்னா?" என்று ஓப்பல் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரை வருஷத்துக்கு நாப்பது கடிக்குது. அந்த மனுஷன் இன்னும் பன்னியத்தான் தின்னுக்கிட்டிருக்கார்." எனக்கும் சிரிப்பு வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒருத்தியை மட்டும் எல்லோரும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், இதைவிட நல்ல வியாதி கிடைக்குமா?

டிசம்பர் முதல் வாரம் போன் செய்தாள். "வெர்னா, கோவிச்சுக்காதீங்க. இந்த வருஷம் கிறிஸ்துமஸ் காலைச் சாப்பாட்ட எங்க வீட்லயே வெச்சுக்கலாமா? நீங்க வந்துடுங்க, நானே சமைக்கிறேன். போன தடவைக்கு அப்புறம் எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு."

போன தடவையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கீரையும் காளானும் போட்டுச் செய்வாளாம். கிறிஸ்துமஸ் காலையில், என் மகனுக்கு, கீரை. ராய்ஸ் போனை வாங்கினான். "அம்மா, வான்கோழி சாசேஜ் போட்டுச் செய்றதுன்னா அங்க வர்றோம். இல்லேன்னா இனிமே காலைச் சாப்பாடு இங்கதான். நான் விளையாட்டுக்குச் சொல்லல."

பெற்ற மகன் எனக்கு நிபந்தனை போட்டான். "சரிடா கண்ணு, வான்கோழியே போடறேன்" என்றேன். இந்த ஒரு காலையும் கைவிட்டுப் போனால் எனக்கு வருஷத்தில் வேறு என்ன இருக்கிறது? நீயே யோசித்துப் பார்.

சொன்னபடி வான்கோழி சாசேஜ் வாங்கினேன். அந்தப் பாக்கெட்டை நீ குப்பையில் பார்த்திருப்பாய், மேலாகவே போட்டிருந்தேன். இருபத்து நாலாம் தேதி மதியம் இருவரும் வந்தார்கள். அவள் அடுப்பங்கரைக்குள் வந்து, பாக்கெட்டை எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்து வரைக்கும் படித்தாள். என் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு. படிக்கட்டும் என்று விட்டேன். அவள் கண் முன்னாலேயே வதக்கினேன். ஆராதனைக்குக் கிளம்ப வேண்டும் என்று உடை மாற்ற மாடிக்குப் போனாள். காலையிலேயே நான் பன்றியை வதக்கி ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். மூலிகைப் பொடியும் மிளகும் போட்டு வதக்கிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அவள் தலை வாரி முடிப்பதற்குள் அடுக்கி மூடிவிட்டேன். வான்கோழியை நாய்க்குப் போட்டேன். அதுகூட இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்றது.

காலை எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். ராய்ஸ் முதல் வாயிலேயே என்னைப் பார்த்தான், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. ருசி தெரிந்த நாக்கு அவனுக்கு. அவன் வாயைத் திறந்திருக்கலாம். அதையும் உன் நோட்டில் எழுதிக்கொள்.

அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள். "ரொம்ப நல்லா இருக்கு. நிஜமாவே வான்கோழியா இது?"

"வான்கோழிதான்மா. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

தட்டை நீட்டினாள். அப்புறம் அவள் கண் கலங்கிவிட்டது. "நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். நீங்க எனக்காக இவ்வளவு தூரம் பண்ணுவீங்கன்னு நினைக்கல. மன்னிச்சுடுங்கம்மா."

அம்மா. மூன்று வருஷம் கேசரோலும் வெண்ணெய் பிஸ்கட்டும் செய்து போட்டதற்கு வராத மரியாதை, இரண்டு துண்டு பன்றிக்குப் பிறகு வந்தது.

உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொல்லத்தான் இருந்தேன். மதியம் வரைக்கும் விட்டு, "பார், ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் உன் மனதில்தான்" என்று ராய்ஸ் முன்னால் சொல்ல நினைத்தேன். அவளுக்கே நல்லதுதானே அது? எத்தனை வருஷம் ஒருத்தி இப்படிப் பயந்துகொண்டே சாப்பிடுவாள்?

இல்லை, எழுதுவதை நிறுத்து. நீ அந்தப் 'போன தடவை'யைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய், அதையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் விருந்தில் பீன்ஸில் ஒரு கரண்டி பன்றிக் கொழுப்பு விட்டேன். ஒரே ஒரு கரண்டி. மூன்று மணிக்குச் சாப்பிட்டாள். எழுந்ததும் பாத்திரம் கழுவினாள், சீட்டு ஆடினாள், சிரித்தாள். பார்த்தாயா என்று நினைத்துக்கொண்டேன். உடனே ஏதாவது நடக்கும் என்றுதானே எல்லோரும் எதிர்பார்ப்பார்கள்? இது அப்படி இல்லை. ஏழரைக்குக் கழுத்து முழுவதும் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு விசில் மாதிரி வந்தது. ராய்ஸ் அவள் எப்போதும் பையில் வைத்திருக்கிற மஞ்சள் உறையிலிருந்து அலர்ஜி ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினான். பீன்ஸில் வெண்ணெய்தான் போட்டேன் என்று சொன்னேன். ஆக, நாலரை மணி நேரம். அப்படி ஒரு வியாதி உண்டு என்று நான் தெரிந்துகொண்டது அன்றுதான். அவள் நடிக்கவில்லை.

தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நடிப்பென்றால் ஒரு நாள் அலுத்துப்போய் விட்டுவிடுவாள். இது நிஜம் என்றால் ஆயுசு முழுவதும் கீரைதான், என் மகனும் அவளோடு சேர்ந்து அதைத்தான் தின்பான்.

எட்டும் நாலரையும் பன்னிரண்டரை. பதினொன்றே காலுக்கு அவர்களைக் கிளப்பினேன். பனி கொட்டப் போகிறது, மலைப்பாதை வழுக்கும், வெளிச்சத்திலேயே போய்விடுங்கள் என்றேன். அந்தப் பாதையில் ஒரு மணி நேரம் போனபிறகு முக்கால் மணி நேரத்துக்குப் போன் எடுக்காது. அதற்கு நான் என்ன செய்வேன்? போன் கோபுரம் வைக்காதது என் குற்றமா? ராய்ஸ் காரை நிறுத்திவிட்டு, உதவி கேட்டு ஒரு மைல் ஓடினானாம். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கத்தில் அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. துக்கம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருவான். அவனுக்குப் போக வேறு இடம் இல்லை இப்போது.

ஊசியை நான் ஒளித்து வைத்ததாக ராய்ஸ் சொன்னானாமே, அது பொய். நான் அதைத் தொடவே இல்லை. என்னை நம்பித்தான் அன்றைக்கு அவள் பையைத் திறந்து போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தாள். மஞ்சள் உறை இந்த மேசைமேல்தான் கிடந்தது, அவர்கள் காரில் ஏறிப் போன பிறகும் இங்கேயேதான் இருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, "என் மஞ்சள் உறையைப் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டாள். "பையில வெச்சதைப் பார்த்தேனே" என்றேன். அதன்மேல் ஒரு கைத்துணியைப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். பண்டிகை நாளும் அதுவுமாக மேசை அலங்கோலமாகக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது.