மோத்தா விட்ட ரெண்டு டார்பிடோ

இருங்க, இருங்க... இலை இப்பதான் போடுறாங்களாம். சோறு வர்றதுக்குள்ள ஒரு குட்டிக் கதையை உங்க காதுல போட்டுடுறேன். நம்ம ஞானதுரை அண்ணாச்சி இன்னைக்குத் தன்னோட பெயிண்ட் கடையை மக பியூலா கையில ஒப்படைக்கிறாரு. நல்ல காரியம். நல்ல காரியத்துல போய் எவனாவது யுத்தக் கதை சொல்லுவானா? நான் சொல்லுவேன். மைக் என் கையில இருக்கு.

ரெண்டாம் உலகப் போர் சமயம். பர்மா கடற்கரை. வெள்ளைக்காரன் கடற்படையில ஒரு பழைய டார்பிடோ படகு. டார்பிடோன்னா என்ன? தண்ணிக்குள்ள தானாவே நீஞ்சிப் போய்க் கப்பலை இடிச்சு வெடிக்கிற குண்டு. இந்தப் படகுல அப்படி ரெண்டு இருந்துச்சு. ஒவ்வொண்ணும் பதினேழு அடி நீளம். ஆனா ரெண்டு வருஷமா அந்தப் படகு என்ன வேலை பார்த்துச்சு தெரியுமா? தபால் மூட்டை ஏத்துச்சு. உருளைக்கிழங்கு ஏத்துச்சு. பல்வலி வந்த ஒரு பெரிய அதிகாரியை டாக்டர்கிட்ட கொண்டு போய் விட்டுச்சு. டார்பிடோ மட்டும் விடலை.

படகுக்குச் சுக்கான் பிடிக்கிறவரு நம்ம வீரபாண்டியன்பட்டினத்துக்காரரு, மிக்கேல் மோத்தா. டார்பிடோவைப் பராமரிக்கிறதும் அவரு பொறுப்புதான். தினம் விடிஞ்சா ரெண்டையும் துடைப்பாரு, எண்ணெய் போடுவாரு, உப்புப் பிடிச்சிருக்கான்னு தடவிப் பார்ப்பாரு. மழை பெஞ்சா அதுங்களுக்குத் தார்ப்பாயைப் போத்திட்டு இவரு நனைவாரு. என்ஜினைப் பார்த்துக்கிட்டவரு காயல்பட்டினம் புகாரி. பெத்த பிள்ளையைக்கூட இப்படிப் பார்க்க மாட்டான்யான்னு புகாரி கேலி பண்ணுவாராம்.

இப்ப ஒரு விஷயத்தை நல்லாக் கவனிங்க. இந்தக் கதையே அதுலதான் இருக்கு. பெரிய கப்பல்ல டார்பிடோவைக் குழாய்ல வச்சு வெளியே தள்ளுவாங்க. இந்தச் சின்னப் படகுல அந்த வசதி கிடையாது. கப்பலைப் பார்த்து நேரா ஓடணும். ஓடிக்கிட்டே டார்பிடோவைப் பின்பக்கமாத் தண்ணியில இறக்கி விடணும். அது எந்தப் பக்கம் போகும்? படகு போற அதே பக்கம். எவ்வளவு வேகத்துல? படகை விட வேகமா. அப்ப படகு என்ன செய்யணும்? விலகணும். விட்ட அடுத்த நொடி, சுக்கானை ஒடிச்சு... விலகிடணும்.

ஒரு நாள் காலையில சேதி வருது. எதிரியோட சரக்குக் கப்பல் ஒண்ணு ஆத்து முகத்துவாரத்துல நிக்குது. கப்பல் பூரா ஆயுதம். கடல் தண்ணி ஏறினதும் ஆத்துக்குள்ள போயிடும். ஆத்துக்குள்ள நம்ம ஆளுங்க முந்நூறு பேரு எதிரி வளைப்புல மாட்டிக்கிட்டு இருக்காங்க. கப்பல் உள்ள போச்சுன்னா அவங்க கதை முடிஞ்சுது.

படகு கிளம்பிருச்சு. அதிகாரி ஹார்லி, வெள்ளைக்காரரு, கையைத் தூக்குறாரு. முதல் டார்பிடோவை விட்டாச்சு. மோத்தா சுக்கானைத் திருப்பணும் இல்ல? திருப்பலை. ஒரு நொடி... ரெண்டு நொடி... மனுஷன் திரும்பித் திரும்பிப் பின்னாடியே பார்க்கிறாரு. ரெண்டு வருஷம் எண்ணெய் போட்ட கையாச்சே. படகு முன்னாடி ஓடுது, பின்னாடியே டார்பிடோ வருது. வந்து படகோட அடியில உரசி, திசை மாறி, எங்கேயோ ஒரு மணல் திட்டுல போய்க் குத்திக்கிட்டு நின்னுச்சு. படகுல ஆறு பேரு பிழைச்சது கடவுள் புண்ணியம். அதுக்குள்ள கப்பல்காரன் முழிச்சுக்கிட்டுச் சுட ஆரம்பிச்சுட்டான்.

ஹார்லிக்கு முகம் சிவந்து போச்சு. என்னய்யா செஞ்சேன்னு கேட்டாரு. மோத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நேராப் போகுதான்னு பார்த்தேன் சார்"னாரு.

என்ஜின் குழியில இருந்து புகாரி தலையை நீட்டினாரு. மூஞ்சி பூரா கரி. கோபமே இல்லாம சொன்னாரு...

"மோத்தா, அது நேராத்தான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஓடினது நீதான்."

டார்பிடோ இருக்கிறது இன்னும் ஒண்ணே ஒண்ணு. நான் பிடிக்கிறேன் சுக்கானைன்னு ஹார்லி வந்தாரு. மோத்தா விடலை. நான் கெடுத்ததை நானே சரி பண்றேன் சார்னு கெஞ்சினாரு. ஹார்லி அவரை ஒரு பார்வை பார்த்துட்டு ஒதுங்கிட்டாரு.

குண்டு மழைக்குள்ள மறுபடியும் நேரா ஓடுது படகு. கை தூக்கியாச்சு. விட்டாச்சு. மோத்தா... திருப்பினாரு! சுக்கானை ஒரே ஒடி. படகு சாய்ஞ்சு விலகுது. திரும்பிப் பார்த்தாரா? பார்க்கலை. கழுத்து தானாத் திரும்பப் பார்க்குது, பல்லைக் கடிச்சு நிறுத்தி வச்சிருக்காரு. பத்து எண்ணினாரு. இருபது எண்ணினாரு. ஒண்ணையும் காணோம். முப்பது... முதுகுக்குப் பின்னாடி ஒரு சத்தம். கடலே எழும்பி உக்கார்ந்த மாதிரி ஒரு சத்தம். கப்பல் அந்த இடத்துலயே சாய்ஞ்சுது. அடுத்த நாலு நாள்ல அந்த முந்நூறு பேரும் உசுரோட வெளியே வந்தாங்க.

புரியுதா பெரியவங்களே? எண்ணெய் போட்டது நாம. மழையில நனைஞ்சது நாம. யாரு இல்லைன்னா? ஆனா விட்ட பிறகும் பிள்ளைங்களுக்கு முன்னாடி நாமதான் ஓடுவோம்னா, இடி வாங்குறது நாம, திசை மாறிப் போறது அதுங்க. அவங்களுக்கு ஓடத் தெரியலைன்னு அப்புறம் நாமளே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவோம்.

நேத்து சாயங்காலம் கடைக்குப் போனேன். உள்ள, பியூலாவுக்குப் புது நாற்காலி. சந்தோஷம். கடை வாசல்ல இன்னொரு நாற்காலி. இது யாருக்கு அண்ணாச்சின்னு கேட்டேன். எனக்குத்தான், சும்மா உக்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பேன்னாரு. சும்மாவா? வர்ற ஆளு எவன் உங்களைத் தாண்டி அந்தப் பிள்ளைகிட்ட போவான்? கலரை உங்ககிட்ட கேட்பான், விலையை உங்ககிட்ட கேட்பான், பியூலாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுவான்.

சிரிக்காதீங்க அண்ணாச்சி, நான் நிஜமாத்தான் சொல்றேன். சாப்பிட்டு முடிச்சதும் அந்த நாற்காலியை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுங்க. முப்பது வருஷம் உக்கார்ந்த இடம், மனசு வலிக்கும். எனக்குத் தெரியாதா? ஆனா கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல ரெண்டு தெருதான். உங்க யோசனை வேணும்னா பியூலாவே நடந்து வருவா. அவ வந்து கேட்கிற அன்னைக்கு, நீங்க சொல்ற ஒரு வார்த்தைக்கு என்ன மரியாதைன்னு பாருங்க.