ஐந்தாவது ஆள்

எங்கள் மனமகிழ் மன்றத்தில் டீ நன்றாக இருக்கும். தோட்டத்து எருமைப்பால், தண்ணீர் கலக்காதது. திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக் வண்டி முதலாளிகள் சீட்டாட்டத்துக்காக வருகிறார்களா, டீக்காக வருகிறார்களா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வரும். நீங்கள் இந்த ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்தவர், அம்மா, அதனால் குடித்ததில்லை. உங்களுக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் குடித்தவர்கள்தான்.

கந்தப்பன் காவிரியில் இறங்கியதற்கு நான் காரணமா என்று கேட்டீர்கள். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மாதக் கேஸ் என்றால் என்னவென்று தெரியாமல் உங்களுக்கு இது விளங்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டேஷன் என்று இருந்தால் மாதத்துக்கு ஒரு சூதாட்டக் கேஸாவது காட்ட வேண்டும், மேலே கேட்பார்கள். அதற்காக மன்றத்துக்குள் வந்து ரிக் முதலாளிகளைப் பிடித்தால் நாளைக்கு மன்றமே இருக்காது. மன்றம் இல்லாவிட்டால் பல பேருக்குக் கஷ்டம். அதனால் எனக்கு முந்தி நடத்தியவர் காலத்திலிருந்தே ஓர் ஏற்பாடு உண்டு. மன்றத்துக்குப் பின்னால், மரவள்ளிக் காட்டை ஒட்டி எங்கள் தகரக் கொட்டகை இருக்கிறது. ஏட்டு சொல்கிற நாளில் நான்கு கூலியாட்களை அங்கே உட்கார வைப்பேன். நடுவில் ஒரு துண்டு, அதன்மேல் பழைய சீட்டுக்கட்டு, கொஞ்சம் அழுக்கு நோட்டு. போலீஸ் வரும், பிடிக்கும், போட்டோ எடுக்கும். கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அபராதமும் அன்றைய கூலியும் என் பொறுப்பு. போட்டோ எடுப்பார்களே என்று துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்கள்கூட உண்டு. யாருக்கும் நஷ்டமில்லாத காரியம்.

சட்டமும் இதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்டது. சூதாடுகிற இடம் என்று சந்தேகப்பட்டுச் சோதனை போட்ட இடத்தில் சீட்டுக்கட்டு அகப்பட்டால், அங்கே இருந்தவன் எல்லாம் ஆடத்தான் வந்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்று காட்டுவது அவன் பாடு. கையில் சீட்டு இருக்க வேண்டியதில்லை, ஆள் இருந்தால் போதும். மன்றத்து வக்கீல் ஒரு தடவை எனக்கு இதை விளக்கிச் சொன்னார். அப்போது காதில் வாங்கி வைத்தேனே தவிர, பெரிதாக நினைக்கவில்லை.

கந்தப்பன் எங்கள் ஊர்க்காரர். பெரிய கோழிப்பண்ணை, மாரியம்மன் கோயில் திருப்பணிக் கமிட்டிக்குத் தலைவர். ஒரு பீடி குடித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு ஒரே மகள், கிருத்திகா. நாமக்கல்லில் படித்தவள், குனிந்த தலை நிமிராதவள். என் மகன் சந்தோஷ்குமாருக்கு அவளைக் கேட்டுப் போனேன். எங்கள் பங்காளிகள் பத்துப் பேரையும் அழைத்துக்கொண்டு, தட்டு நிறையப் பழம் வைத்து, முறையாகத்தான் போனேன். எங்களை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, அத்தனை பேர் முன்னாலும் அவர் சொன்னார்.

"மாப்ள, உங்கூடு நல்ல ஊடுதான். ஆனா சீட்டுல வந்த சோத்த எம்புள்ள திங்க வேண்டாமுன்னு பாக்குறேன். மனசுல வெச்சுக்காத."

நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டுக் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வீட்டுக்கு வந்து அந்த ஆப்பிளையெல்லாம் எருமைக்குப் போட்டேன். பங்காளிகளில் ஒருவன் வாசலில் நின்று சிரித்தான். அவன் சிரித்திருக்க வேண்டாம்.

சந்தோஷ்குமார் ஆடுவானா என்று கேட்காதீர்கள். போனில் ஆடுவான். வயசுப் பையன், கல்யாணமானால் சரியாகிவிடும்.

கொஞ்ச நாளில் கிருத்திகாவுக்கு மோகனூரில் இடம் அமைந்தது. கரும்புக்காரக் குடும்பம், பையன் என்ஜினீயர். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் இளம்பிள்ளையில் நேரே தறிக்காரரிடம் சொல்லிப் பட்டு நெய்து வந்ததாக ஊரே பேசிக்கொண்டது. தை மாதம் கல்யாணம் என்றார்கள். எனக்கும் பத்திரிகை வரும் என்று தெரியும். கந்தப்பன் அந்த விஷயத்தில் குறை வைக்கமாட்டார்.

அந்த ஐப்பசியில் ஏட்டு மாதக் கேஸுக்கு நாள் சொல்ல வந்தபோது, இந்தத் தடவை ஐந்து பேர் இருப்பார்கள் என்றேன். "ஆளு எத்தனைன்னு நமக்கென்னுங்க, கேஸு ஒண்ணுதானுங்களே" என்றார். நல்ல மனிதர், அனாவசியமாகக் கேள்வி கேட்கமாட்டார்.

கந்தப்பன் மன்றத்துப் படி மிதிக்கமாட்டார். ஆனால் கோயில் என்றால் எங்கே கூப்பிட்டாலும் வருவார். கருவறைக் கதவுக்கு நல்ல தேக்கு கிடைக்காமல் அவர் சேலம் செவ்வாய்ப்பேட்டை மரக்கடைகள் வரை அலைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். என்னிடம் பழைய தேக்கு இருந்தது, பொய்யில்லை. அதைத் தகரக் கொட்டகையில் அடுக்கச் சொல்லிவிட்டு அவருக்குப் போன் போட்டேன்.

"மச்சான், ஆத்தா கதவுக்கு எம்பட தேக்கு இருக்குதுங்க. சும்மாவே தாரேன். மத்தியானமா வந்து ஒரு பார்வை பாத்துருங்க."

அவருக்குக் குரலே மாறிப்போனது. "மாப்ள, நானு பேசுனத மனசுல வெச்சுக்காம குடுக்குறயே. நீ நல்லா இருப்ப சாமி. இப்பவே வாரேன்" என்றார்.

வந்தார். கொட்டகை வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். சாமிக்குப் போகிற மரம் இருக்கிற இடமாம். உள்ளே மூலையில் நான்கு பேர் துண்டு விரித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, யாரென்று கேட்டார். மரம் தூக்க வந்த ஆட்கள், சோறு தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள் என்றேன். மரத்தைத் தடவிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அளக்க டேப் எடுத்து வருகிறேன் என்று நான் வெளியே வந்தேன்.

போலீஸ் உள்ளே நுழைந்தபோது அவர் எழுந்து கும்பிட்டு, "வாங்க சார், குணசீலன் இப்ப வந்துருவாப்ல" என்று சொன்னாராம். ஏட்டு பிறகு இதைச் சொல்லிச் சிரித்தார். கந்தப்பனுக்கு விஷயம் புரியவே நேரம் ஆகியிருக்கிறது. புரிந்ததும் அந்த நான்கு பேரையும் பார்த்து, "ஏப்பா, நானு ஆடுனனா? சொல்லுங்கப்பா" என்று மாறி மாறிக் கேட்டிருக்கிறார். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கூலி வாங்குகிறவர்கள் வேறெங்கே பார்ப்பார்கள்? போட்டோவில் ஐந்தாவது ஆளாக நிற்கிறார். வெறுங்காலோடு இருந்ததால் ஓடிப் பிடிபட்டவர் மாதிரி இருந்தது.

ஸ்டேஷனுக்கு முதலில் ஓடியவன் நான்தான். அவருக்காக ஏட்டிடம் சத்தம்கூடப் போட்டேன். பிறகு அவரை வெளி மரத்தடிக்கு அழைத்துப்போய் நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஆடவில்லை என்று கேஸ் நடத்தலாம், ஆனால் வாய்தா வாய்தாவாக வருஷக்கணக்கில் இழுக்கும். மகள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் நிற்பதா? ஒத்துக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குப் போய்விடலாம், ஊரில் ஒரு குஞ்சுக்குத் தெரியாது. நான் சொன்னதில் எது பொய்? நீங்களே பல பேருக்கு இதே யோசனையைச் சொல்லியிருப்பீர்கள்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருந்தங்காட்டி ஆச்சு மாப்ள" என்றார். கோர்ட்டில் போய் ஒத்துக்கொண்டார். அபராதத்தை நான் கட்டுகிறேன் என்றேன், அவர் விடவில்லை.

போட்டோவை ஊரெல்லாம் பரப்பினேன் என்று புகாரில் இருக்கிறதாம். அபாண்டம். நான் ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பினேன், மோகனூர் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு. பெண் எடுக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் அல்லவா?

மோகனூரிலிருந்து நான்கு பேராக வந்தார்கள். கந்தப்பன் சத்தியம் செய்தார், தேக்குக் கதையைச் சொன்னார். தாய்மாமன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம். "ஆடுலீன்னா அப்பறம் எதுக்குங்க கோர்ட்டுல ஒத்துக்கிட்டீங்க?" சம்பந்தம் அதோடு முறிந்தது. இளம்பிள்ளைப் பட்டை அவர்கள் கேட்கவில்லை. கந்தப்பன் மனைவி ராசாத்தியே மடித்துத் தட்டில் வைத்துக் கொடுத்தனுப்பினாள்.

பிறகு வந்த இடங்களெல்லாம் வாசலோடு திரும்பின. நான் அவசரப்படவில்லை. மார்கழியில் கந்தப்பனே என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எம்புள்ளய எடுத்துக்கோங்க" என்றார். அதுவரை என்னை நீ, வா, போ என்று பேசிய மனிதர். நான் உடனே சரி என்றேன். வேறொருவனாக இருந்தால் பழையதைச் சொல்லிக்காட்டியிருப்பான். தையில், மோகனூர்க் கல்யாணத்துக்குப் பிடித்து வைத்திருந்த அதே மண்டபத்தில், அதே முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றி அடித்தோம்.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். அன்றைக்கு அவர் எங்கள் சாப்பாட்டைத் தொடவில்லை, ஆனாலும் கை கழுவினார்.

"அன்னிக்கி டேப்பு கெடச்சுதுங்களா?" என்று கேட்டார்.

"கெடச்சுது மச்சான்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு இரவு நான் நன்றாகத் தூங்கினேன். பல மாதத்துக்குப் பிறகு வந்த தூக்கம்.

வைகாசியில் கும்பாபிஷேகம். சூதாட்டக் கேஸில் தண்டனை ஆனவர் பரிவட்டம் கட்டக்கூடாது என்று கமிட்டியில் பேச்சு வந்தது. அந்தப் பேச்சை எடுத்தவன் நான் அல்ல, அன்றைக்கு வாசலில் நின்று சிரித்த பங்காளி. நான் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். கதவு என் தேக்கில் செய்தது என்பதால் பரிவட்டத்தை எனக்குக் கட்டினார்கள். கோபுரத்தில் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் கந்தப்பன் கூட்டத்தை விட்டு விலகிப் போனதைப் பார்த்தேன். பஸ் ஏறி மோகனூர் போயிருக்கிறார். படித்துறையில் செருப்பை மட்டும் வரிசையாகக் கழற்றி வைத்திருந்தார். உடம்பு இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது.

காரியத்தன்று அந்த நான்கு பேரில் ஒருவன் குடித்துவிட்டு வந்து கிருத்திகாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் உளறிவிட்டான். அவள் அழவில்லை. நேரே என்னிடம் வந்து, "எங்கப்பா செய்யாததையே ஒத்துக்கிட்டாருங் மாமா. நீங்க செஞ்சத ஒத்துக்கோங்க" என்றாள். அன்றைக்கே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உங்களிடம் புகார் கொடுத்ததும் அவள்தான்.

அதனால் ஒத்துக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வரவழைத்தது நான், உட்கார வைத்தது நான், ஒத்துக்கொள்ளச் சொன்னது நான், போட்டோ அனுப்பியது நான். அவரைச் சாகடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் குனிய வேண்டும் என்று நினைத்தேன். எந்த செக்ஷன் போட வேண்டும் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், அம்மா. அவள் உண்டாகியிருக்கிறாள், என் பேரன். அவளைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவையுங்கள். எனக்கு அவள்மேல் கோபமே இல்லை. கோர்ட்டில் தண்டனையான சீட்டாட்டக்காரனின் மகளை, எங்களைத் தவிர வேறு எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?