உப்பு ஏறிய சுவர்

திருவெறும்பூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் அன்றைய பொழுது எனக்கு நல்லபடியாகப் போகும், ஐயா. பத்து வருஷமாக ஸ்ரீரங்கத்திலிருந்து அப்படித்தான் அந்த ஐஸ் பாக்டரிக்குப் போய்வந்தேன். அங்கே நான் சூப்பர்வைசர்.

நல்ல தண்ணீர் நிரப்பிய டின்களை உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கித்தான் ஐஸ் உறையவைப்போம். டின்களைத் தூக்கும்போது அந்த உப்புத் தண்ணீர் பக்கத்துச் சுவரில் தெறிக்கும். சிமெண்டுக் கல்லால் கட்டிய, இரண்டாள் உயரச் சுவர். 1962இல் அது வெள்ளையாகப் பூத்துப் பொரிய ஆரம்பித்தது. நான் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். கொத்தனார் செபஸ்தியான் நேரே முதலாளியிடம் போய்விட்டான்.

“சுண்ணாம்புக்கெல்லாம் அடங்காதுங்க. நல்ல தண்ணி விட்டுக் கழுவி, நல்லாக் காயப்போட்டு, அப்புறம் தார் பூசணும்ங்க. உப்பு உள்ள தங்கிட்டா கல்லைத் தின்னுடும்.”

கையெழுத்துப் போடத் தெரியாத ஆள். முதலாளி காஜா மைதீன் தலையாட்டிக் கேட்டார். கூலிக்காரர்கள் முன்னாலேயே என்னிடம், “சுவர் விஷயத்துல இனிமே செபஸ்தியான் சொல்றதைக் கேளுங்க, அழகிரி,” என்றார். ஐஸ் விற்றுப் பெரிய மனிதரானவருக்கு ஆளை எடைபோடத் தெரியுமா?

அவன் சொன்னபடியே செய்தான். தார் பூசிய சுவர் பளபளவென்று நின்றது. வேலைக்கு வரும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்ப்பான், மாட்டைத் தடவுவதுபோல.

அந்தக் கற்கள் நடுவில் துவாரம் உள்ளவை. எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் ஏணியில் ஏறி, மேல்வரிசைத் துவாரங்களில் தினம் இரண்டு வாளி உப்புத் தண்ணீர் ஊற்றினேன். பதினான்கு மாதம். ஒருவரும் கவனிக்கவில்லை. தங்கள் சோற்றுக்கு அப்பால் பார்க்கிற ஜனங்கள் இல்லை அவர்கள். செபஸ்தியான் சொன்னது சரிதான். உள்ளே தங்கிய உப்பு கல்லைத் தின்றது.

தார் வெடித்து அடிவரிசைக் கல் மாவாக உதிர்ந்ததும் அவனைக் கூப்பிட்டேன். கொத்துக்கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தான்.

“முட்டுக் கொடுத்துட்டுத்தான் சார் கை வைக்கணும். இல்லாட்டி அப்படியே மேல வந்துரும்.”

“நீ பூசின சுவர். உனக்கே பயமா இருக்குன்னு முதலாளிகிட்ட சொல்லட்டுமா?”

குந்தி உட்கார்ந்து அடிவரிசையைப் பெயர்க்கத் தொடங்கினான். நான் வாசல் பக்கம் தள்ளிப் போய் நின்றேன். மூன்றாவது கல்லில் சுவர் அவன்மேல் இறங்கியது.

அவன் மனைவி வந்து, “நல்லாத்தானே பூசியிருக்கேன்னு சொன்னாருங்க,” என்று கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

இன்ஸ்பெக்டர் ஐயா, உங்கள் அறிக்கையைப் படித்தேன். ‘சூப்பர்வைசரின் கவனக்குறைவால் நேர்ந்த சாவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் நானாகவே வந்தேன். அவனைக் கொன்றது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவு என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். என் வேலையைப் பற்றி இதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.