படத்துக்குக் கீழே மூன்று வரி

ஹைக்கூவுக்கு மூன்று வரி, ஐயா. எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் அதைத் தெரிந்துகொள்ள எவனுக்கும் அக்கறை இல்லை. தண்ணீர் வராவிட்டால் மட்டும் கூட்டம் போடுவார்கள்.

பக்கத்து வீட்டு கிஷோர், பாடி ஏரியாவில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் டிசைனர். காதுகுத்துக்கும் கருமாதிக்கும் ஒரே பூவைப் போடுகிற ஆள். ஆனால் கார்ட்டூன் வரைவான். "உன் ஹைக்கூவ படக்கதை ஆக்கலாம் அண்ணாத்தே. வரிக்கு ஒரு கட்டம்" என்றான். இன்ஸ்டாகிராமில் போட்டோம். பாராட்டு குவிந்தது, அத்தனையும் படத்துக்கு. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

பிறகு மூன்றாவது வரியையே தூக்கிவிட்டான். ஏன் என்று கேட்டேன்.

"அதான் படத்துலயே கீதே அண்ணாத்தே. நீ வேற இன்னாத்துக்கு வாயால சொல்லணும்?"

ஹைக்கூவின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது. எனக்கு ஒரு பேனர்காரன் பாடம் எடுக்கிறான். சிரித்து வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலை வைத்து ஒரு படக்கதை செய்ய வேப்பம்பட்டு போனோம். ஸ்டேஷனைத் தாண்டித் தண்டவாளத்தின் நடுவில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தான். காதில் பாட்டு. "வண்டி வந்தா ஒரு குரல் குடு அண்ணாத்தே" என்று என்னை ஓரமாக நிற்க வைத்திருந்தான். எக்ஸ்பிரஸ் அவன் முதுகுப் பக்கமாக வந்தது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். நானும் நன்றாகவே பார்த்தேன். எல்லாம் கண்முன்னே இருக்கும்போது வாயால் எதற்குச் சொல்ல வேண்டும்?

நீங்கள் கேஸை விபத்து என்று எழுதி முடித்தீர்கள். அவன் மனைவி வர்ஷா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாவம், நல்ல பெண்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்காகக் கடை முதலாளி கஜபதி வந்தார். "நம்ம பையனுக்கு நாலு வரி எழுதிக் குடுங்க சார்" என்றார். ஹைக்கூ எழுதுகிறவனிடம் நாலு வரி கேட்கிற ஜென்மம். மூன்று எழுதிக் கொடுத்தேன்.

தண்டவாளத்தில் ஓவியன்
பின்னால் ரயில்
பார்த்தபடி நான்

கிஷோர் போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்தில் அச்சாகி, பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. ஊரே பார்த்தது. வர்ஷாவும் பார்த்தாள். "போட்டோ சூப்பரா வந்துகீது சார்" என்றார் கஜபதி.

ஒரு ஜீவனும் படிக்கவில்லை, ஐயா. அதனால்தான் நானே இங்கே வர வேண்டியதாயிற்று. கொலை என்று தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வரி எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.